செவிலியர் கூடத்தில் பூசல்

ஜூன் 12ஆம் நாள் மேட்டூர் அணையைத் திறப்பது மரபு. அணையில் போதிய நீர் இருந்தால் அன்று விட்ட தண்ணீர் சில நாட்களில் கல்லணைக்கு வந்து சேரும். அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, ஆறு வாய்க்காலாகி, வாய்க்கால் கன்னியாகி, கடைசியில் கடலோரத்துக் கடைமடை வயலைத் தொடும். நீங்கள் தஞ்சைத் தரணியில் பிறந்தவராக இருந்தால், நீர் குறைந்த ஆண்டுகளில் இந்த வழி நெடுகிலும் என்ன நடக்கும் என்பதை யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தலைமடைக்காரர் மடையை அடைக்க மறுப்பார். கடைமடைக்காரர் மண்வெட்டியுடன் இரவில் வந்து நிற்பார். நேற்று வரை ஒரே கல்யாணப் பந்தலில் பக்கத்தில் அமர்ந்து உண்டவர்கள் இன்று முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள்.

இவர்கள் எல்லாரும் பிறவிச் சண்டைக்காரர்களா? அப்படி யாரும் சொல்லமாட்டார்கள். எந்த ஊருக்கு எந்த நாள் நீர் என்று முறை வைத்து, அந்த முறையை முன்கூட்டியே ஊரறிய அறிவித்து, மதகுச் சாவியை வைத்திருக்கும் லஸ்கரும் வேண்டியவர் வேண்டாதவர் பாராமல் நடந்துகொண்டால், அதே ஆட்கள் அதே வரப்பில் அமைதியாகக் காத்திருப்பதைப் பார்க்கிறோம். பூசலுக்கு மனிதர்களின் குணம் ஓரளவு காரணமாகலாம். பற்றாக்குறையும் தெளிவில்லாத அதிகாரமும் அதைவிடப் பெரிய காரணங்கள்.

இப்போது வரப்பை விட்டு மருத்துவமனைக்கு வாருங்கள். மூத்த செவிலியர் ஒருவர் பயிற்சிக்கு வந்த இளம்பெண்ணை நோயாளிகள் முன்னிலையில் இகழ்ந்து பேசுகிறார். மருத்துவர் அந்த மூத்த செவிலியரைப் பார்த்துக் குரலை உயர்த்துகிறார். நோயாளியின் உறவினர் எல்லாரையும் சேர்த்து ஏசுகிறார். இரவுப் பணிப் பட்டியலில் தன் பெயரே மீண்டும் மீண்டும் வருவது ஏன் என்று ஒருவர் மனத்துக்குள் குமுறுகிறார். இவை எந்த ஊரிலும் காணக்கூடிய காட்சிகள். இவற்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதைத் தெரிந்துகொண்டால், இவற்றைத் தணிக்கும் வழியும் தெரியவரும்.

"துருக்கியில்" என்ற ஒரு சொல்

1854ஆம் ஆண்டு இங்கிலாந்து, ரஷியாவுடன் கிரிமியப் போரில் ஈடுபட்டிருந்தது. காயமுற்ற வீரர்கள் துருக்கியிலுள்ள ஸ்கூட்டாரி மருத்துவமனையில் கவனிப்பாரின்றிக் கிடப்பதாகச் செய்தித்தாள்களில் செய்தி வெளிவந்தது. போர்த்துறைச் செயலர் சிட்னி ஹெர்பர்ட், தம் குடும்ப நண்பரான ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை அங்கு அனுப்பினார். 38 பெண்கள் அவருடன் சென்றனர். அவர்களில் கத்தோலிக்கக் கன்னியர், ஆங்கிலிக்கச் சபைச் சகோதரிகள், கூலிக்கு வேலை செய்த மருத்துவமனைத் தாதியர் என்று பலரும் இருந்தனர். ஒருவர் பழக்கம் மற்றவருக்குப் பிடிக்காது; ஒரு பிரிவின் வழிபாட்டு முறை மற்றப் பிரிவுக்கு ஐயத்தை விளைவிக்கும். நவம்பர் 4ஆம் நாள் இந்தக் குழு ஸ்கூட்டாரியில் போய் இறங்கியது.

அங்கிருந்த இராணுவ மருத்துவர்கள் இவர்களை வரவேற்கவில்லை. தங்கள் குறைகளைக் கண்டுபிடிக்க வந்த ஒற்றர்களாகவே இவர்களைப் பார்த்தனர். உங்களுக்கு இந்த நிலை வந்தால் என்ன செய்வீர்கள்? மேலிடத்துக் கடிதத்தைக் காட்டி உள்ளே நுழைந்திருப்பீர்களா? நைட்டிங்கேலிடம் அந்தக் கடிதம் இருந்தது. ஆனால் அவர் அதைப் பயன்படுத்தவில்லை. மருத்துவர் கேட்காமல் எந்தச் செவிலியும் நோயாளியைத் தொடக்கூடாது என்று தம் குழுவுக்குக் கட்டளையிட்டார். சட்டைகளும் கட்டுத்துணிகளும் தைக்கச் சொல்லி அவர்களைக் காத்திருக்க வைத்தார். வீரர்கள் அருகில் முனகிக்கொண்டிருக்க, தாங்கள் துணி தைப்பதா என்று குழுவினர் அவர்மீதே சினந்தனர். சில நாட்களில் இங்கர்மன் போரின் காயம்பட்டோர் கப்பல் கப்பலாக வந்து சேர்ந்தனர். மருத்துவர்கள் தாமே உதவியைக் கேட்டனர். அன்று முதல் கதவு திறந்தது.

இதை நைட்டிங்கேலின் பொறுமைக்குச் சான்றாகப் பலரும் எழுதியுள்ளனர். கதையின் மறுபாதியையும் நாம் பார்க்கவேண்டும். அதே ஆண்டு டிசம்பரில் மேரி ஸ்டான்லி என்பவர் தலைமையில் 40க்கும் மேற்பட்ட பெண்கள் அடங்கிய இரண்டாவது குழு வந்து இறங்கியது. தம்மைக் கேளாமல் இவர்களை அனுப்பியது உடன்பாட்டை மீறிய செயல் என்று நைட்டிங்கேல் கடுங்கோபம் கொண்டார். தங்க இடமில்லை, உணவில்லை. புதியவர்கள் யாருக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பதும் தெளிவில்லை. அந்தக் குழுவில் அயர்லாந்திலிருந்து வந்த மதர் பிரிட்ஜ்மன் தம் கன்னியர்மீது வேறொருவர் அதிகாரம் செலுத்துவதை ஏற்கவில்லை. அவரும் சாதாரணமானவர் அல்லர். காலரா நோயாளிகளைக் கவனித்துப் பழகிய அனுபவம் அவருடைய கன்னியருக்கு இருந்தது.

பூசலின் வேர் எங்கே இருந்தது தெரியுமா? நைட்டிங்கேலின் நியமன ஆணையில் இருந்தது. அவர் "துருக்கியிலுள்ள" ஆங்கில இராணுவ மருத்துவமனைகளின் பெண் செவிலியர் கண்காணிப்பாளர் என்று அதில் எழுதியிருந்தார்கள். போர்முனையோ கிரிமியாவில் இருந்தது. கிரிமியா துருக்கி அன்று. ஆகையால் அங்கே இவருக்கு அதிகாரமில்லை என்று தலைமை இராணுவ மருத்துவ அதிகாரி ஜான் ஹால் வாதிட்டார். இந்த ஒரு சொல்லால் மூண்ட சச்சரவு ஓராண்டுக்கும் மேல் நீடித்தது. அனைத்து இராணுவ மருத்துவமனைகளின் செவிலியர்மீதும் நைட்டிங்கேலுக்கே அதிகாரம் என்று 1856 மார்ச் 16ஆம் நாள்தான் பொது ஆணை வெளிவந்தது. அதற்கு இரண்டு வாரம் கழித்து, மார்ச் 30ஆம் நாள், சமாதான உடன்படிக்கை கையெழுத்தாகிப் போரே முடிந்துவிட்டது! தொடக்கத்திலேயே தெளிவாக எழுதியிருந்தால் எத்தனை கடிதங்களும் கண்ணீரும் மிச்சமாகியிருக்கும்!

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 1855 பிப்ரவரியில் ஸ்கூட்டாரியில் இறப்பு விகிதம் சுமார் 42 விழுக்காடாக இருந்தது. ஜூன் மாதத்துக்குள் ஏறத்தாழ 2 விழுக்காடாகக் குறைந்தது. இந்த மாற்றத்தில் பெரும்பங்கு, மார்ச்சில் வந்த சுகாதாரக் குழு சாக்கடைகளையும் குடிநீரையும் சீர்படுத்தியதற்கு உரியது என்று இன்றைய வரலாற்றறிஞர்கள் கருதுகின்றனர். ஜமைக்காவைச் சேர்ந்த மேரி சீகோல் என்ற அனுபவமிக்க பெண்மணி இதே பணிக்கு இலண்டனில் விண்ணப்பித்தும் ஏற்கப்படாமல், சொந்தச் செலவில் கிரிமியா சென்று வீரர்களுக்கு உதவினார். தம் நிறமே தடையாயிற்றோ என்று அவர் மனம் வருந்தினார். அவமதிப்பு என்பது வார்டுக்குள் மட்டும் நிகழ்வதன்று. யாரை உள்ளே விடுவது என்னும் வாயிற்படியிலேயே தொடங்கிவிடுகிறது.

தஞ்சையை அறிந்த நண்பர்

இந்த அம்மையாருக்கும் நம் காவிரிக்கும் ஒரு தொடர்பு உண்டு. அவர் இந்தியாவுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. ஆயினும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இந்நாட்டின் சுகாதாரம் பற்றி எழுதிக்கொண்டே இருந்தார். அந்த முயற்சியில் அவருக்குத் துணையாகக் கிடைத்தவர்களில் ஒருவர் பொறியாளர் ஆர்தர் காட்டன். 1836ஆம் ஆண்டு முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டியவர் இவரே. அதற்கு முன், தாழ்வான கொள்ளிடத்திலேயே நீர் மிகுதியாக ஓடிவிடும். காவிரியோ மணல்மேடிட்டுப் போகும். எந்த ஆற்றுக்கு எவ்வளவு நீர் என்பதை ஓர் அமைப்பின் மூலம் நிலைப்படுத்தியதே காட்டனின் பணி. அந்த அணையின் மதகுகளில் சில 2018 ஆகஸ்டில் வெள்ளத்தில் இடிந்து விழுந்ததும், பிறகு அங்குப் புதிய கதவணை கட்டப்பட்டதும் உங்களுக்கு நினைவிருக்கும்.

நீரும் நோயும் பஞ்சமும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை நைட்டிங்கேல் உணர்ந்திருந்தார். பாசனத்தை வலியுறுத்திய காட்டனை ஆதரித்து 1870களில் எழுதினார். 1876–78 பெரும்பஞ்சத்துக்குப் பின் அவருடைய குரல் இன்னும் உரத்தது. பொறியாளரும் செவிலியும் ஒரு கருத்தில் ஒன்றுபட்டனர் எனலாம்: நல்லெண்ணத்தை மட்டும் நம்பி இராமல், நல்லது தொடர்ந்து நடக்கும்படி ஓர் ஏற்பாட்டைச் செய்துவிட வேண்டும்.

1859இல் வெளியான தம் செவிலியர் குறிப்புகள் நூலில் நைட்டிங்கேல் இதையே நிர்வாகம் பற்றிய பகுதியில் விளக்குகிறார். பொறுப்பிலுள்ளவர் எல்லா வேலையையும் தாமே இழுத்துப்போட்டுக்கொள்வது திறமையாகாது. தாம் அங்கே இல்லாதபோதும் அந்த வேலை அதே முறையில் நடக்கும்படி செய்துவைப்பதே பொறுப்பு என்கிறார். 1860இல் இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரால் தொடங்கிய பயிற்சிப் பள்ளியில், செவிலியர் அனைவரும் செவிலியர் தலைவி ஒருவருக்கே கட்டுப்பட்டவர் என்ற விதி உறுதிசெய்யப்பட்டது. ஸ்கூட்டாரியில் பட்ட சூடுதான் அந்த விதிக்குக் காரணம் என்று ஊகிப்பது தவறாகாது.

கைஸ் மருத்துவமனையின் பாடம்

ஆனால் தலைவிக்கு அதிகாரம் கொடுத்துவிட்டால் மட்டும் போதுமா? போதாது என்பதை இலண்டனின் மற்றொரு மருத்துவமனை காட்டியது. 1879ஆம் ஆண்டு கைஸ் மருத்துவமனையில் மார்கரெட் பர்ட் என்பவர் செவிலியர் தலைவியாக நியமிக்கப்பட்டார். அவர் கொண்டுவந்த சீர்திருத்தங்களில் பல நல்லவையே. செவிலியர்கள் ஒரே வார்டில் ஆண்டுக்கணக்கில் இருக்காமல் முறைவைத்து மாறவேண்டும் என்பது அவற்றில் ஒன்று. ஆனால் பழைய செவிலியர்களையோ மருத்துவர்களையோ கலந்து பேசாமல், மாற்றங்களை ஒரேயடியாகப் புகுத்தினார். நிர்வாகப் பொருளாளர் அவர் பக்கம் உறுதியாக நின்றார். மூத்த மருத்துவர்கள் எதிர்ப்பக்கம் நின்றனர். செவிலியர் பலர் வேலையை விட்டு விலகினர். இதழ்களில் இரு தரப்பாரும் மாறி மாறி எழுதினர்.

இந்தக் கலவரத்துக்கு இடையில், 1880இல், ஒரு பெண் நோயாளி இறந்தார். அவரைக் கவனித்த செவிலிமீது வழக்கு நடந்து, கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாகத் தண்டனையும் விதிக்கப்பட்டது. நீதிமன்றத்திலும் மருத்துவர்கள் இரு தரப்பாகப் பிரிந்து சாட்சி சொன்னார்கள். பெரியவர்கள் அதிகாரத்துக்குப் போராடினார்கள். உயிரை இழந்தவர் நோயாளி, சிறை சென்றவர் கீழ்ப்படியிலிருந்த ஒரு செவிலி. இந்த ஒரு நிகழ்ச்சி போதும், பூசலின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று அறிவதற்கு.

நம் நாட்டில்

தஞ்சைக்கு மருத்துவம் புதிதன்று. 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் தன்வந்திரி மகால் என்ற மருத்துவ நிலையத்தை நடத்தினார். உள்நாட்டு மருத்துவமும் மேனாட்டு மருத்துவமும் அங்கே ஒருங்கே இடம்பெற்றன. கண் நோயாளிகளின் நோய்க்குறிப்பும், கண்ணின் வண்ணப் படமும், செய்த சிகிச்சையும் பதிவாகின. அவற்றைச் சரசுவதி மகால் நூலகம் இன்றும் காத்துவருகிறது. மாறுபட்ட பயிற்சியுடையோர் சேர்ந்து வேலை செய்யும் இடத்தில் எழுதிவைத்த குறிப்பு எவ்வளவு பெரிய துணை என்பதைப் பிறகு பார்ப்போம்.

பயிற்சி பெற்ற செவிலியர் என்ற புதிய தொழில் நம் பக்கம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேர்விட்டது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871இல் பயிற்சி தொடங்கியது. தஞ்சை அரச குடும்பத்தாரும் மிராசுதார்களும் அளித்த கொடையால் எழுந்து, இரு தரப்பாரின் பெயரையும் தாங்கி நிற்கும் இராசா மிராசுதார் மருத்துவமனையும் அந்த நூற்றாண்டைச் சேர்ந்ததே. தஞ்சை மருத்துவக் கல்லூரி 1959இல் வந்தது.

இந்தத் தொழில் இங்கே வந்தபோது இரண்டு சுமைகளைச் சுமந்தது. ஒன்று, தலைமைப் பதவிகள் நெடுங்காலம் ஐரோப்பியர் கையில் இருந்தன. செவிலியர் கண்காணிப்பாளர்கள் 1905இல் லக்னோவில் ஒரு சங்கம் கண்டபோது, அதைத் தொடங்கியவர்கள் ஐரோப்பியப் பெண்களே. பின்னர் 1908இல் இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் உருவாயிற்று. இரண்டாவது சுமை சாதி. பிறர் உடலையும் கழிவையும் தொடும் வேலை இழிந்தது என்ற எண்ணம், பல குடும்பங்களைத் தம் பெண்களை இத்தொழிலுக்கு அனுப்பவிடாமல் தடுத்தது. வந்தவர்களில் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்கள் மிகுதி. நோயைத் தொட்டுக் குணப்படுத்தும் கையையே தீண்டத்தகாததாகக் கருதிய சமூகத்தில், அவர்களுக்கு மரியாதை எங்கிருந்து கிடைக்கும்?

ஆள் பற்றாக்குறை இதற்கு மேல் வந்து சேர்ந்தது. 1946இல் அறிக்கை தந்த போர் குழு, நாட்டில் ஏறத்தாழ 43,000 மக்களுக்கு ஒரு செவிலியரே இருப்பதாகக் கணக்கிட்டது. அவர்களுடைய வேலைச்சுமையையும் வாழ்க்கை நிலையையும் அது குறைகூறியது. அதே 1946இல் வேலூரிலும் தில்லியிலும் செவிலியர் பட்டப்படிப்பு தொடங்கியது. சென்னை மாகாணத்தில் 1926ஆம் ஆண்டுச் சட்டமும், நாடு முழுமைக்கும் 1947ஆம் ஆண்டின் இந்தியச் செவிலியர் குழுமச் சட்டமும் இத்தொழிலுக்கு எழுத்து வடிவில் தகுதி அளித்தன.

சட்டம் தகுதியைக் கொடுத்தாலும் வேலை நிலைமை மாறாவிட்டால் கசப்பு மாறாது. தமிழ்நாட்டில் 2015இல் தேர்வு வாரியத்தின் வழியாக ஆயிரக்கணக்கான செவிலியர்கள் ஒப்பந்த முறையில் நியமிக்கப்பட்டனர். மாத ஊதியம் 7,700 ரூபாய். பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் திரண்டு போராடினார்கள். ஒரே வார்டில், ஒரே வேலையை, நிரந்தர ஊதியம் பெறும் ஒருவரும் அதில் சிறு பங்கே பெறும் ஒருவரும் தோளோடு தோள் நின்று செய்தால், இருவருக்கும் இடையே இழை விட்டுப்போகாதா? அதைத் தனிமனிதரின் பொறாமை என்று சொல்லிக் கடந்துவிட முடியுமா?

கீழே இறங்கும் இழிவு

மேலிருந்து அவமதிக்கப்படும் ஒருவர் அதை மேலே திருப்பித்தர இயலாதபோது, தமக்குக் கீழுள்ளவர்மீது கொட்டுகிறார். 1983இல் சூசன் ராபர்ட்ஸ் என்ற அமெரிக்கச் செவிலியர் அறிஞர், அடக்கப்பட்ட மக்களிடம் காணப்படும் இந்தப் போக்கு செவிலியரிடமும் காணப்படுவதாக எழுதினார். 1986இல் ஜூடித் மெய்ஸ்னர் என்பவர், மூத்த செவிலியர் தம் இளையோரைத் தாமே அழிக்கிறார்களா என்று வெளிப்படையாகக் கேட்டபோது பெரும் விவாதம் எழுந்தது.

காவிரிப் படுகையில் வளர்ந்தவர்களுக்கு இது புரியாத தத்துவமன்று. பழைய பண்ணைகளில் மிராசுதாருக்கும் பண்ணையாளுக்கும் நடுவே நின்ற காரியக்காரர் எவ்வளவு கடுமை காட்டினார் என்று பெரியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த உறவு வாய்ச்சொல்லிலும் வழக்கத்திலும் நின்ற வரை, கீழே இருந்தவருக்கு முறையிட இடமில்லை. 1952இல் தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்து கூலியை எழுத்தில் நிர்ணயித்தது; வெளியேற்றத்துக்குத் தடை போட்டது; தகராறுகளைக் கேட்கச் சமரச அதிகாரிகளையும் ஏற்படுத்தியது. அதனால் எல்லாப் பிணக்கும் தீர்ந்துவிடவில்லை என்பது இம்மாவட்டத்தின் பிற்கால வரலாற்றை அறிந்தவர்களுக்குத் தெரியும். ஆனாலும் முறையிட ஓரிடம் பிறந்தது.

கடுஞ்சொல் நோயாளியைக் கொல்லுமா?

மரியாதைக் குறைவு மனத்தைப் புண்படுத்தும், அவ்வளவுதானே என்று நீங்கள் எண்ணலாம். அறிவியல் அதற்கு மேலும் சொல்கிறது.

1966இல் சார்லஸ் ஹாஃப்லிங் என்ற அமெரிக்க உளமருத்துவர் ஒரு சோதனையை வெளியிட்டார். முன்பின் அறியாத மருத்துவர் ஒருவர் இரவில் தொலைபேசியில் அழைத்து, ஒரு மருந்தை 20 மில்லிகிராம் கொடுக்கச் சொல்வார். புட்டியிலோ 10 மில்லிகிராமுக்கு மேல் கொடுக்கக்கூடாது என்று அச்சிட்டிருக்கும். மருந்தும் உண்மை மருந்தன்று. 22 செவிலியரில் 21 பேர் அதைக் கொடுக்கப் புறப்பட்டார்கள். வழியில் அவர்களைத் தடுத்து உண்மையைச் சொன்னார்கள். கேள்வி கேட்டால் ஏச்சு விழும் என்று பழகிய இடத்தில், கண்முன் இருக்கும் எழுத்துகூட உதவாமல் போகிறது.

2015இல் இஸ்ரேலில் நடந்த ஆய்வு இன்னும் நுட்பமானது. பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளைச் சேர்ந்த 24 குழுக்கள், ஒவ்வொன்றிலும் ஒரு மருத்துவரும் இரு செவிலியரும், ஒரு பொம்மைக் குழந்தைக்குச் சிகிச்சை செய்தனர். வெளிநாட்டு நிபுணர் ஒருவர் காணொளியில் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள். சில குழுக்களிடம் அவர் பொதுப்படப் பேசினார். மற்றவர்களிடம், இந்நாட்டு மருத்துவத்தின் தரம் தம்மைக் கவரவில்லை என்பதுபோல இழிவாகச் சில சொற்கள் சொன்னார். அந்தச் சொற்களைக் கேட்ட குழுக்கள் நோயைக் கண்டறிவதிலும் சிகிச்சை செய்வதிலும் பின்தங்கின. காரணம் என்ன? தமக்குத் தெரிந்ததை ஒருவர்க்கொருவர் சொல்வது குறைந்தது. உதவி கேட்பதும் குறைந்தது. அவமானப்பட்ட மனம் வாயை மூடிக்கொள்கிறது. வாய் மூடியதும் நோயாளியைப் பற்றிய செய்தி பாதியில் நின்றுவிடுகிறது. தலைமடையில் அடைத்தால் கடைமடை காய்வது போலத்தான் இது.

அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் அமைப்பு 2008இல், பணியாளரை மிரட்டும் நடத்தை நோயாளியின் பாதுகாப்புக்கே கேடு என்று எச்சரிக்கை வெளியிட்டதற்கு இத்தகைய அனுபவங்களே காரணம்.

தலைமை செய்யக்கூடியது

இந்த வரலாற்றிலிருந்து ஒரு வார்டின் தலைமைச் செவிலியரோ கண்காணிப்பாளரோ என்ன கற்றுக்கொள்ளலாம்?

முதலாவது, யார் எதற்குப் பொறுப்பு என்பதைப் பூசல் வருமுன் எழுதிவைத்தல். "துருக்கியில்" என்ற சொல்லை மறந்துவிடாதீர்கள். பணிப்பட்டியல் முன்கூட்டியே சுவரில் ஒட்டப்பட்டு, இரவுப் பணியும் பண்டிகை விடுப்பும் எல்லாருக்கும் முறைவைத்து வந்தால், பாதிக் குமுறல் பிறக்குமுன்பே அடங்கிவிடும். பொங்கலுக்கு யார் ஊருக்குப் போவது என்ற கேள்வி ஆண்டுதோறும் அழுகையில் முடிய வேண்டியதில்லை.

இரண்டாவது, மாற்றம் கொண்டுவருமுன் கலந்து பேசுதல். பர்ட் அம்மையாரின் திட்டம் நல்லது. புகுத்திய விதம் அதைக் கெடுத்தது. பத்தாண்டு அந்த வார்டில் நின்றவர்களுக்குத் தெரிந்தது, நேற்று வந்த தலைவிக்குத் தெரியாமல் இருக்கலாம்.

மூன்றாவது, செய்தியைச் சொல்ல ஓர் ஒழுங்கு. மருத்துவரிடம் தொலைபேசியில் பேசும்போது இப்போதைய நிலை, பின்னணி, தம் கணிப்பு, தம் பரிந்துரை என்று வரிசையாகச் சொல்லும் முறை இன்று பல மருத்துவமனைகளில் உண்டு. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவத்துக்கு வந்த முறை இது. தம் கணிப்பைச் சொல்வது செவிலியின் கடமையாகிவிட்டால், அது அதிகப்பிரசங்கித்தனம் என்ற பேச்சுக்கு இடமில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் அறுவைச் சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலும், கத்தியை எடுக்குமுன் எல்லாரும் தம் பெயரையும் பணியையும் சொல்லவேண்டும் என்கிறது. புதுதில்லி உட்பட 8 நகரங்களில் அதைச் சோதித்து 2009இல் முடிவை வெளியிட்டனர். அறுவைக்குப் பின் இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காடாகக் குறைந்திருந்தது. பெயர் சொல்லும் வழக்கம் மட்டும் இதைச் செய்துவிடவில்லை; ஆனால் பெயர் தெரிந்தவரிடம் "கொஞ்சம் நில்லுங்கள்" என்று சொல்வது எளிது.

நான்காவது, இளையோருக்குப் பதில் சொல்லக் கற்பித்தல். 2004இல் மார்த்தா கிரிஃபின் என்ற அமெரிக்கச் செவிலியர் ஆசிரியர், புதிதாகப் பணியேற்ற 26 பேருக்கு, இழிவாகப் பேசப்பட்டால் நிதானமாக என்ன சொல்வது என்று முன்கூட்டியே ஒத்திகை கொடுத்தார்; சொற்களைச் சிறு அட்டைகளில் எழுதியும் தந்தார். பின்னர் அவர்களில் பலர் நேருக்கு நேர் பேசிப் பிணக்கை நிறுத்தினர். நம் வழக்கில் அது இப்படி இருக்கலாம்: "அக்கா, நான் செய்தது தவறு என்றால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், கற்றுக்கொள்கிறேன். நோயாளி முன்னால் சொன்னால் எனக்குக் கை நடுங்குகிறது." இதில் மரியாதையும் இருக்கிறது, உண்மையும் இருக்கிறது.

ஐந்தாவது, முறையிட ஓர் இடம். இரு தரப்பையும் தனித்தனியே கேட்டு, நடந்ததைத் தேதியிட்டுக் குறித்துவைத்து, பிறகு இருவரையும் சேர்த்து அமர்த்திப் பேசும் தலைவர் வேண்டும். சரபோஜி மன்னர் காலத்து நோய்க்குறிப்பு போல, எழுதிய குறிப்பு ஆளைப் பார்த்து மாறாது. சில செயல்கள் சமரசத்துக்கு உரியவை அல்ல என்பதையும் தலைவர் அறிந்திருக்க வேண்டும். பெண்களுக்கு எதிரான பாலியல் தொல்லைக்கு 2013ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு; 10 பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். மருத்துவப் பணியாளரைத் தாக்குவோர்மீது நடவடிக்கை எடுக்கத் தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. இவற்றை "பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று மூடிமறைப்பது தலைமையாகாது.

ஒரு வரம்பையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். இருவர் செய்யவேண்டிய வேலையை ஒருவரிடம் சுமத்திவிட்டு, அவர் புன்னகைக்கவில்லை என்று குறைசொல்வது நியாயமன்று. ஆற்றில் நீரே இல்லாதபோது எந்த லஸ்கராலும் முறை வைக்க முடியாது. நல்ல தலைமை பங்கீட்டைச் சீராக்கும். அத்துடன், போதவில்லை என்பதைக் கணக்கோடு மேலிடத்தில் எடுத்துச் சொல்லும். நைட்டிங்கேல் தம் வாழ்நாளில் பாதியை இந்தக் கணக்குகளுக்கே செலவிட்டார்.

இதைப் படிக்கும் மாணவ மாணவியரே, உங்களில் சிலர் நாளை வெள்ளுடை அணிந்து ஒரு வார்டுக்குள் நுழைவீர்கள். முதல் நாள் உங்கள் நிலை கடைமடை வயலின் நிலைதான். எல்லாம் மற்றவர்க்குப் போக மிஞ்சியதே உங்களுக்கு வரும். சில ஆண்டுகளில் நீங்களே தலைமடைக்கு வந்துவிடுவீர்கள். அன்று பயிற்சிக்கு வந்த ஒரு பெண் கைநடுக்கத்துடன் ஊசிக்குழலைப் பிடித்து உங்கள் முகத்தைப் பார்ப்பாள். அவளிடம் முதலில் அவள் பெயரைக் கேளுங்கள்.